மண்டித் தராசில் தொண்ணூற்றொன்று

சென்ற வாரம் திருவள்ளூரில் டாக்டரைப் பார்க்கப் போனேன். எடை பார்க்க வந்த நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். "தாத்தா, செருப்ப கழட்டினா போதும். சட்டைய எதுக்குக் கழட்றீங்க?" கை தானாகவே பொத்தான்களுக்குப் போயிருக்கிறது. கல்லூரி நாளில், அறுபதுகளின் கடைசியில் பழகிய பழக்கம்.

அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் சமையல். புளியோதரையிலும் சர்க்கரைப் பொங்கலிலும் வளர்ந்த உடம்பு எனக்கு. கல்லூரியில் என்னைப் பார்த்ததுமே ஏகாம்பரம் கண்டுகொண்டான். ஆரணிப் பக்கத்து நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை, குஸ்தி அணித் தலைவன். "இன்னா அய்யிரே, பெருமாளுக்கு மிச்சம் வெக்கிறியா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான்.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஐந்து எடைப் பிரிவுக்கும் ஐந்து ஆள் இறங்காவிட்டால் எங்கள் கல்லூரியில் குஸ்தியையே எடுத்துவிடுவார்கள். தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட பிரிவுக்கு ஆள் இல்லை. போட்டிச் சான்றிதழ் கிடைத்தால் போலீஸில் சேரலாம் என்று ஏகாம்பரம் அதையே நம்பியிருந்தான்.

"நீ ஜெயிக்க வேணாம். மெஷின்ல ஏறி நில்லு, அப்பால மண்ணுல உழுந்துடு. அவ்ளோதான்."

எனக்கோ நாலு பேர் முன்னால் லங்கோட்டோடு நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசும். மாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை; சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் ஆரணி நெல் மண்டிக்கு அழைத்துப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் சட்டையைக் கழற்றி ஏற்றுவான். இந்த மூட்டையை எங்கே அடுக்குவது என்று கூலியாட்கள் கேலி செய்வார்கள். கடைசி சனிக்கிழமை தொண்ணூற்றொன்று. அவன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பிருந்து நான் சாப்பிடவில்லை. முதல் நாள் வயிற்றுவலி என்றேன். மறுநாள் ஏகாதசி, எங்கள் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நடந்தேன்.

போட்டியன்று முள் எண்பத்தொன்பதில் நின்றது. ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தான். "தராசு பொய் சொல்லுது சார். நாங்க மண்டியில நிறுத்தோம்." வார்த்தை முற்றி, அதிகாரியின் சட்டையைப் பிடித்துவிட்டான். அவனையும் போட்டியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை என் மடியில் வைத்தான். "துன்னு அய்யிரே. உன் மேல இன்னா தப்பு?" பசியில் வாரி வாரித் தின்றேன்.

எழுபதுகளின் முடிவில் வங்கி வேலையாகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போனபோது, கேட்டில் காக்கிச் சட்டையோடு சல்யூட் அடித்தது அவன்தான். போலீஸ் காக்கி இல்லை. பக்கத்திலிருந்த காவலாளியிடம் பெருமையாகச் சொன்னான்: "சாரு நம்ம காலேஜி பயில்வான். அன்னிக்கி தராசுதான் கவுத்துடுச்சி." நான் சிரித்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

கல்லூரியில் குஸ்தி மண் கொட்டியிருந்த இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அந்தத் தொழிற்சாலை மூடி, கேட்டையும் பெயர்த்துவிட்டார்கள். ஏகாம்பரம் போய்ப் பல வருஷமாகிறது. கடைசிவரை அவன் தராசைத்தான் திட்டிக்கொண்டிருந்தானாம். தராசு சரியாகத்தான் காட்டியது.