தகரக் கூரையில் ஓடிய படம்

ஏளா செல்வி, இதக் கேளு. எங்க வீட்டுக்காரவுக இடுப்பொடிஞ்சு படுத்ததுல இருந்து கூரையத்தான பாத்துக் கெடக்காவ, அதுக்குன்னே எம்மவன் ஒரு புரொஜெக்டர் வாங்கினான். பகல்லயும் பளிச்சுன்னு தெரியும், கூரையே தியேட்டராயிரும்னு மொபைல்ல எவனோ ரிவ்யூ சொன்னானாம். அவன் வீட்டுக்கு சிமெண்டுக் கூரையா இருந்திருக்கும், தாராவியில நமக்குத் தகரம்லா!

மாட்டிக் குடுக்க ஒரு ஆளு வந்தாரு. ஒல்லியா, காதோரம் நரைச்சு, தாதர்ல இருந்து ஏணியச் சொமந்துக்கிட்டே வந்திருக்காரு. படத்தப் போட்டா, கதாநாயகி மூஞ்சி தகரத்து நெளிவுல அப்பளமாப் பொரியுது. எனக்குச் சிரிப்பு அடங்கல. அவரு சிரிக்கல. எந்த வீட்டுக்குப் போனாலும் பாக்குறவங்க எடத்துல இருந்து பாத்துருவாராம். சட்டுன்னு இவுக பக்கத்துல பாயில படுத்துட்டாரு.

"பெரியவரே, ஒண்ணும் சரியாத் தெரியலயே. திருப்பி அனுப்பிரச் சொல்லட்டா?"

"அது கெடக்கட்டும். நீ இன்னும் கொஞ்சம் படுத்திரு தம்பி"ன்னாவ இவுக.

அடுத்த வேலைக்குக் கூப்பிட்டு அவரு போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதக் கட் பண்ணிப் போட்டுட்டு, அந்த நெளியுற படத்தயே இவுக கூடப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. ஏன்னு எனக்கு இன்னைக்கும் வெளங்கல.

மெஷினு பொட்டிக்குள்ள போயாச்சு. அந்தத் தம்பி மறுபடி வருவானான்னு இவுக தெனமும் கேக்காவ. பேரக்கூடக் கேக்காம விட்டுட்டேனே, ளா. இரு, ஒருக்களிச்சுப் படுக்கணும்னு கூப்பிடுதாவ, பெரட்டிப் போட்டுட்டு வாரேன்.