பூஜ்யம் அக்காவின் அடிக்கோடு

"தலையே போனாலும் சரி, நான் வரையற பட்டை எல்லாம் பூஜ்யத்துலதான் கால் ஊணி நிக்கும்!"

தகவல் வடிவமைப்புப் படிப்பின் முதல் நாள். 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்று பேராசிரியை கேட்டதற்கு, முப்பத்தெட்டு வயது மாணவி ஒருவர் எழுந்து நின்று சொன்ன முழுப் பதில் இது. சக மாணவர்களுக்கெல்லாம் அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. அன்று மத்தியானத்துக்குள் அவருடைய சொந்தப் பெயர் மறைந்து 'பூஜ்யம் அக்கா' நிலைத்துவிட்டது.

அந்த வீரத்துக்குப் பின்னால் ஒரு காயம் உண்டு. பன்னிரண்டு வருடம் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். அங்கே மேலாளர் மாதாமாதம் ஒரு பட்டை வரைபடம் காட்டுவார். விற்பனை தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு நகர்ந்திருக்கும். ஆனால் படத்தின் அடிக்கோடு தொண்ணூற்றைந்தில் தொடங்குவதால் ஒரு பட்டை குட்டையாகவும் பக்கத்துப் பட்டை பனைமரமாகவும் நிற்கும். அலுவலகமே கை தட்டும். நம்மவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு வருடம் தட்டாத கையோடு வேலையை விட்டு வந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

சேர்ந்ததும் ஊரைத் திருத்தப் புறப்பட்டார். பூஜ்யத்தில் தொடங்காத படம் கண்ணில் பட்டால் போதும், சிவப்புப் பேனா தானாக வெளியே வரும். பல் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில், அங்கே கிடந்த பத்திரிகையையே திருத்தி வைத்துவிட்டு வந்தவர். பல்லைப் பிடுங்கினார்களா என்பது அவருக்கு ஞாபகமில்லை.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில்தான் கலர் பென்சில் நுழைந்தாள். இருபத்திரண்டு வயது. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள், அதனால் அந்தப் பெயர். எதை வரைந்தாலும் அழகாக வந்துவிடும் என்பது அவள் செய்த குற்றம். பூஜ்யம் அக்காவுக்கு அவள்மேல் பொறாமை என்று நான் சொல்ல மாட்டேன். தொழில் அக்கறை என்பேன். அந்த அக்கறை முற்றி வயிறு எரிந்ததால் தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடத்துப் பெரிய வேலை ஓர் ஆஸ்பத்திரிக்காக. எந்த நேரத்தில் போனால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நோயாளிகளுக்குக் காட்டும் படம். தேர்வாகும் ஒரே ஒரு படத்தை வாசலில் மாட்டுவார்கள். பூஜ்யம் அக்கா பதினோரு பட்டைகள் வரைந்தார். எல்லாம் சாம்பல் நிறம். கலர் பென்சில் வரிசை வரிசையாகக் குட்டி நாற்காலிகள் வரைந்து, கூட்டமான நேரத்தில் ஆட்களை உட்கார வைத்திருந்தாள்.

"அக்கா, உங்க கலர் சூப்பர்க்கா" என்றாள் அவள்.

"அது கலர் இல்ல. சாம்பல்."

"அதான்க்கா. சாம்பலை மட்டும் வெச்சுக்கிட்டு இறங்குறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!"

வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் கணவரிடம் காட்டினார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"அட, நாற்காலி! ஒன்பது மணிக்கு எல்லாம் ஃபுல்லு, ரெண்டு மணிக்குக் காலி. அப்ப ரெண்டு மணிக்குப் போனாப் போதும். நல்லா இருக்கே!"

"நான் கேட்டது என்னோடதைப் பத்தி."

"உன்னோடதும் நல்லாத்தான் இருக்கு. அடுக்குமாடி வீடு மாதிரி. லிஃப்ட் எந்தப் பக்கம்?"

அடுத்த ஒரு வாரம் கணவர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

கடைசியில் இந்த இரண்டு படங்கள்தான் போட்டியில் மிஞ்சின. பேராசிரியை பூஜ்யம் அக்காவைக் கூப்பிட்டார். "ஒவ்வொரு படத்தையும் அம்பது நோயாளிகிட்ட காட்டி, எப்ப வந்தா கூட்டம் கம்மின்னு கேளுங்க. எத்தனை பேர் சரியாச் சொல்றாங்கன்னு ஒரே படமா வரைஞ்சு குடுங்க. ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் அதைப் பாத்துதான் முடிவு பண்ணுவார். ஒண்ணு தெளிவா முந்தினா அது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னா, பாக்க அழகா இருக்கறது."

"நானே போட்டியில இருக்கேனே, மேடம்?"

"இருந்தா என்ன? உங்க நேர்மை ஊருக்கே தெரியுமே!"

இரண்டு நாள் வெளிநோயாளிகள் கூடத்தில் நின்றார். ஒரு தலையைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். நாற்காலிப் படத்தைத் தப்பாகப் படித்த ஒரு பெரியவருக்குத் தன் இருக்கையைக் கொடுத்து, தண்ணீரும் வாங்கித் தந்தார். அது மரியாதை, அதற்கும் போட்டிக்கும் சம்பந்தமில்லை.

முடிவு: சாம்பல் பட்டைப் படத்தைச் சரியாகப் படித்தவர்கள் நாற்பத்து நான்கு பேர். நாற்காலியை, நாற்பத்திரண்டு பேர்.

ஜெயித்துவிட்டார்! ஓட்டமும் நடையுமாகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போய், பூஜ்யத்திலிருந்து இரண்டு பட்டைகள் வரைந்தார். திரையில் அவை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எது மூத்தது என்று பெற்றவளுக்கே தெரியாது.

முதுகுக்குப் பின்னால் கொண்டைப் பென்சில் எட்டிப் பார்த்தது. "ஐ! ரெண்டும் ஒரே உயரம்! நாம ரெண்டு பேரும் சமம்க்கா!"

அந்த 'நாம'வைக் கேட்டதும் பூஜ்யம் அக்கா பையில் மாத்திரையைத் தேடினார். "சமம் இல்ல. என்னோடது ரெண்டு பேர் கூட."

"அட ஆமா, உத்துப் பாத்தாத் தெரியுது. இருங்கக்கா, உங்களுக்கும் சேத்து டீ வாங்கிட்டு வரேன்."

கதவு மூடியது. அறையில் வேறு யாரும் இல்லை. திரையின் ஓரத்தில் 'தொடக்கம்' என்றொரு சின்னக் கட்டம் இருந்தது. அதற்குள் ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. பூஜ்யம் அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை அழித்துவிட்டு நாற்பது என்று போட்டார்.

சாம்பல் பட்டை, நாற்காலிப் பட்டையைப்போல் இரண்டு மடங்காக எழுந்து நின்றது.

அடிக்கோட்டின் ஓரத்தில் அந்த '40' இருந்தாக வேண்டும். அதை மறைக்கிற ஆள் அவர் இல்லை. எழுத்தை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கினார். நிறம் மட்டும் தனக்குப் பிடித்த சாம்பலிலேயே வைத்தார். டீ வருவதற்குள் பிரிண்ட் கொடுத்தார்.