சித்தப்பா மேல் விழாத மஞ்சள் கட்டம்

என் சித்தப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிப்பவர். இருபத்தாறு வருடத்தில் அவர் அதிகம் நேருக்கு நேர் பார்த்த முகம் சித்தியுடையதல்ல, மீட்டருடையது.

எண்ணைக் குறித்தால் மட்டும் போதாது, இனிமேல் போட்டோவும் வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வந்தது வினை. அவர் தொட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்துப் போனில் படமெடுக்கும் நேரம் பார்த்து அது அடிக்கும். பெரும்பாலும் சித்திதான், சோப்பு வாங்கி வரச் சொல்லி. திடுக்கிட்டுப் போனைத் தொட்டிக்குள் போட்டுவிடுவார். மூன்றாவது தடவை விழுந்த பிறகு, பேசுகிறவர்கள் எல்லோரும் நீந்திக்கொண்டே பேசுவதுபோல் கேட்டது.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அவர் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். “உலகத்தையே பாத்தவ நீ, ஒரு கேமரா பாக்க வாயேன்” என்று என்னைப் பழைய சாமான் கடைக்கு அழைத்துப் போனார்.

அங்கே தூசி படிந்த கண்ணாடிப் பெட்டியில், சோப்பு டப்பா அளவில் வெள்ளி நிறத்தில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா இருந்தது. பொத்தானை அமுக்கியதும் அதன் மூக்கு உர்ரென்று நீண்டது. அந்த மூக்கிலேயே சித்தப்பா விழுந்துவிட்டார்.

“இந்த மாதிரி மூக்கு எந்த போன்ல சார் நீளும்?” என்றார் கடைக்காரர். “வீட்டுல சரிப்படலைன்னா ஏழு நாளுக்குள்ள கொண்டாங்க.”

சித்தப்பா வாசலில் நின்றபடியே கேமரா வழியாக எதிர்க்கடைப் பூட்டில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். “இருபதாம் நம்பர் வீட்டுல மீட்டர் சுவத்துல இருக்கு. அதுக்குக் கீழ நாய் இருக்கு. இனி நான் கேட்டுக்கு வெளியவே நின்னுக்குவேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “முக்கியமா, இதுல யாரும் கூப்பிட முடியாது. சித்திகிட்ட சொல்லிடாத” என்றார்.

சித்தி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நீங்க அங்க வாங்கினதுல ஒரு பக்கம் மட்டும் திரும்புற ஃபேன் இருக்கு, பாடாத ரேடியோ இருக்கு. இது என்ன செய்யாது?”

“மனுஷ மூஞ்சியைத் தானா கண்டுபிடிக்கும். மஞ்சளா கட்டம் போடும். கடைக்காரரே சொன்னார்.”

என்னிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு, இல்லாத முடியைக் கோதிக்கொண்டு சுவரோரம் நின்றார். கட்டம் சுவிட்சுப் பலகை மேல் விழுந்தது. அங்கிருந்து கடிகாரத்துக்குத் தாவியது. சித்தி குறுக்கே வந்ததும் சட்டென்று அவள் மேல் விழுந்தது. சித்தப்பாவை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க மேல அந்தக் கட்டம் விழுந்தா இது இங்க இருக்கும்” என்றாள் சித்தி. “இல்லைன்னா கடைக்குப் போயிடும்.”

அந்த வாரம் சித்தப்பா மீசையை எடுத்தார். பவுடர் பூசினார். அதிர்ச்சியடைந்தவர்போல் விழித்தார். கட்டம் வாஷிங் மிஷினின் வட்டக் கதவைத்தான் விரும்பியது. வேலையிலோ கேமரா கொடிகட்டிப் பறந்தது. இருட்டு மூலையிலும் எண்கள் பளிச்சென்று வந்தன. இருபதாம் நம்பர் நாய் குரைத்துக் குரைத்து அலுத்துப்போய்ப் படுத்துவிட்டதாம்.

“மீட்டர் ஒவ்வொண்ணையும் மனுஷன்னு சொல்லுது” என்று என்னிடம் புலம்பினார். “என்னை மீட்டர்னுகூட சொல்ல மாட்டேங்குது.”

ஞாயிறு காலை சித்தி கையில் பையோடும் ரசீதோடும் வாசலில் நின்றாள். கடை ஒரு மணிக்கு மூடிவிடும். சித்தப்பா கடைசியாக ஒருமுறை சுவரோரம் நின்றார்.

“விழுந்துச்சா?”

“இல்ல சித்தப்பா.”

“இப்ப?”

“காலண்டர் மேல.”

“சரி விடு. அதுக்கும் எனக்கும் ராசியில்ல.” செருப்பை மாட்டத் திரும்பினார்.

அப்போதுதான் கட்டம் விழுந்தது. அவருடைய வழுக்கைப் பின்மண்டையில் இரண்டு மச்சங்கள். அவற்றுக்குக் கீழே கழுத்து மடிப்பு வளைந்து, வாய்போல் சிரித்தது. கட்டம் அதைக் கச்சிதமாகச் சுற்றி நின்றது.

“அசையாதீங்க சித்தப்பா.”

“என்ன, பல்லியா?”

“கட்டம்.”

சித்தி விரைந்து வந்து திரையைப் பார்த்தாள். “இது பின்மண்டை.”

“நீ என்ன சொன்ன?” சித்தப்பா சுவரோடு பேசினார். “மூஞ்சி மேலன்னு சொன்னியா, உங்க மேலன்னு சொன்னியா?”

சித்தி சொன்ன சொல்லை மாற்றியதாகக் குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. “உங்க மேலன்னுதான் சொன்னேன்.” ரசீதை மடித்துப் பைக்குள் போட்டாள். என் கையிலிருந்து கேமராவை வாங்கித் தானே ஒரு படம் எடுத்தாள். அதை நெடுநேரம் பார்த்தாள்.

“கல்யாண போட்டோவுலகூட இவர் இப்படிச் சிரிக்கல” என்றாள் என்னிடம்.

“திரும்பலாமா?” என்றார் சித்தப்பா.

“வேண்டாம், அப்படியே நில்லுங்க. இன்னொண்ணு எடுத்துக்கறேன்.”