பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் செல்போனில் பார்த்ததுதான். தொழிற்சாலை பஸ்ஸை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், வேலைக்காக வந்து தங்கிய மராத்தி ஊரான நிக்டியில் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை எப்போதும் பத்து நிமிடம் முன்னால் வைத்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை விண்வெளி நிலையம் எங்கள் கட்டிடத்துக்கு மேலே போகப்போகிறது என்று வீடுவீடாகச் சொல்லியிருந்தேன். சிமிட்டினால் விமானம், சிமிட்டாமல் போனால் அதுதான் என்று பாடமும் எடுத்திருந்தேன். எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். என் செல்போனும் மகளோடு மேலே போயிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்தைக் கழித்தால் இன்னும் நேரம் இருந்தது. அதனால் கேஸை மூடினேனா என்று பார்த்தேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன். பாதிப் படியில் சந்தேகம் வந்து, திரும்பிப் போய்க் கேஸை மறுபடியும் பார்த்தேன்.

மாடிக்குப் போனபோது எல்லோரும் இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.

"எங்கங்க போனீங்க? இப்பத்தான் போச்சு!" என்றாள் மனைவி.

"நம்ம கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டுதானே?"

"இன்னிக்காவது உங்களுக்குச் சரியா காட்டட்டும்னு மத்தியானம் நான்தான் திருத்தி வெச்சேன்."

போனது விண்வெளி நிலையம்தான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "சிமிட்டுச்சாம்மா? சிமிட்டியிருந்தா அது விமானம்."

"துளிகூட இல்லண்ணா. நீங்க சொன்ன மாதிரியே ஏக்தம், ஒரே நேரா போச்சு."

மனைவி என்னைப் பார்த்தாள். "கேஸாவது மூடியிருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு," என்றேன். "ரெண்டு தடவையும்."