முப்பதடிப் புல்தரை

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரைக்கு மேற்கே இருந்த எங்கள் கோல்ஃப் மைதானத்தில், பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் இடங்களில் புல் கிடையாது. மணலில் பழைய எஞ்சின் எண்ணெயைக் கலந்து கெட்டிப்படுத்தி, கோணியை இழுத்துச் சமன் செய்வார்கள். 'பிரவுன்' என்று பெயர். வெயில் ஏறினால் லாரிப் பட்டறையின் நாற்றம். வெள்ளைக் கால்சட்டையெங்கும் கறை. அந்த அருவருப்பை விளையாட்டு என்று சொல்லிக்கொண்டோம்.

நான் அந்தக் கோல்ஃப் மன்றத்தின் கௌரவச் செயலாளர். வெளியூர் அணி ஒன்று வரவிருந்ததால் கடைசிக் குழிக்கேனும் புல்தரை அமைப்பது என்று தீர்மானித்தேன். நவீன மைதான வடிவமைப்பைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளில் படித்திருந்தேன். அகன்ற தரை எந்த அடியையும் மன்னித்துவிடும். சிறிய தரையே குறி தவறாத கையைக் கேட்கும். முப்பதடிக் குறுக்களவில் படம் வரைந்தேன்.

கீழக்குயில்குடிக்காரரான எங்கள் தோட்டக்காரர் அதற்குள் அறுபதடிக்கு முளைக்குச்சி அடித்து வைத்திருந்தார். என் படத்தைக் காட்டினேன்.

"ஐயா, இம்புட்டு எடத்துல அம்புட்டுப் பேரும் மிதிச்சா புல்லு தாங்காதுங்க. எடம் பெருசா இருந்தாத்தான் குழிய மாத்தி மாத்தி வெட்டலாம். மிதிபட்ட புல்லு தேறும்."

"இது நெல்லு வயல் இல்லப்பா. படத்துல இருக்கிறபடி செய்."

செய்தார். குச்சிகளை மட்டும் பிடுங்கவில்லை. "கெடக்கட்டுங்கய்யா, பெறகு பெருசாக்க ஒதவும்." விரைவில் பச்சை பிடிக்கவேண்டும் என்று கடலைப் புண்ணாக்கை இருமடங்காகப் போடச் சொன்னதும் நான்தான்.

போட்டி நாளன்று நண்பகலுக்குள் குழியைச் சுற்றிப் புல் பிய்ந்துவிட்டது. அடியிலிருந்து புளித்த புண்ணாக்குச் சேறு மேலே வந்தது. ஈ மொய்த்தது. செத்த எலியின் நாற்றம். விருந்தினர் அணித் தலைவர் அடித்த பந்து அதில் விழுந்து பாதி புதைந்து நின்றது.

"மாப்ள, ஐயா பந்த நட்டுட்டாரு. அறுப்பு எப்பன்னு கேளு!" என்றார் பை சுமந்து வந்த ஒருவர்.

"தையிலதான்," என்றார் மற்றவர்.

அணித் தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புல்தரைக்கு வெளியே நின்ற குச்சிகளைக் காட்டி, அவை என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மன்றத் தலைவரும் என்னையே பார்த்தார்.

"நான் வரைந்த அளவு அதுதான். தோட்டக்காரர் சோம்பலில் பாதியாகச் சுருக்கிவிட்டார்," என்றேன். நல்ல ஆங்கிலத்தில், தடுமாறாமல் சொன்னேன்.

பத்தடி தள்ளி நின்ற தோட்டக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தம் வேலையின் ஆங்கிலப் பெயர் தெரியும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என்னைப் பார்த்தார். படத்தைக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. படித்தவன் சொல் போதுமானதாக இருந்தது.

அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு, நான் வராந்தாவில் வடை தின்றுகொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"வாரேங்கய்யா. குச்சிய யாரும் புடுங்கிராம பாத்துக்கங்க. அளவு சரியாத்தான் இருக்கு."

மீதி வடையை இலையோடு எறிந்தேன்.

மறு ஆண்டு அந்தக் குச்சிகளை ஒட்டியே அறுபதடியில் புல்தரை அமைத்தார்கள். நன்றாகவே நின்றது. வடிவமைத்தவர் என்று பலகையில் என் பெயரை எழுதினார்கள். நான் அதன்மேல் ஒரு நாளும் ஆடியதில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன்.