ஒரு ஸ்டோன் போட்டுது

"அம்மா, எனக்கு ஒரு ஸ்டோன் போட்டுது."

லண்டனிலிருந்து மகள் இப்படிச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பலெர்மோவில், சீசாப் பக்கம், ஓர் அறையில் தனியே இருந்தேன். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போவேன். கோயிலில் எங்கள் ஆட்களைக் கண்டால் சிரிப்பேன், ஆனால் நின்று கதைக்க எனக்கு வராது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மகள் எடுப்பாள். கிழமையில் என் வாய் தமிழ் பேசுகிற நேரம் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு ஓம் என்றால் "சீ" என்பேன், இல்லை என்றால் "நோ" என்பேன், அவ்வளவும் போதும்.

மகளும் நானும் ஒன்றாகத்தான் இத்தாலிக்கு வந்தோம். நாலு வருடம் ஒரே அறையில் இருந்தோம். பிறகு லண்டனில் இருந்து சம்பந்தம் வந்தது, கட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவளுக்கு நான் கொடுத்தது ஒரு சோடி சிவப்புக்கல்லுத் தோடு. என் காதில் கிடக்கிற தோடும் அதே மாதிரிதான். இரண்டு சோடியும் ஒரே ஆசாரி, ஒரே அச்சில் செய்தது.

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஸ்டோன் என்றால் கல்லு; போட்டுது என்றால் எங்கள் பேச்சில் போய்விட்டது. ஆகவே தோட்டுக் கல்லு கழன்று விழுந்துவிட்டது என்றுதான் விளங்கிக்கொண்டேன்.

"ஐயோ பிள்ளை, எங்கை விழுந்தது? கட்டிலடியிலை தேடினியோ?"

அவள் வாய் திறக்க முன்னம் அடுத்ததைக் கேட்டேன்.

"தலையணை உறையை உதறிப் பாத்தியோ? கூட்டின குப்பையை வெளியிலை கொட்டிப்போட்டியோ?"

"என்னம்மா நீங்கள்..." என்றாள். போன்காட் முடியப்போகிறது என்று கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"கவலைப்படாதை. அது போனாப் போகட்டும். வேறை ஒண்டு போடலாம்" என்றேன். தொடர்பு அறுந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அம்மா தந்த தோட்டைக் கவனமில்லாமல் வைத்திருந்தேனே என்று வெட்கப்படுகிறாள் போல என்று நினைத்தேன். ஒருமுறை நானாக எடுத்தேன். மருமகன்தான் எடுத்தார்.

"அவ வேலைக்குப் போட்டா மாமி. சொல்லிவிடுறன்."

அவரோடு அதற்குமேல் என்ன கதைப்பது என்று தெரியாமல், "சரி தம்பி" என்று வைத்துவிட்டேன்.

கல்லு தேட வெளிக்கிட்டேன். வுச்சீரியாச் சந்தைக்குக் கிட்ட நகை திருத்துகிற சின்னக் கடை ஒன்று இருந்தது. மூன்று தரம் வாசல்வரைக்கும் போய் உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். நாலாவது தரம் கடைக்காரனே கதவைத் திறந்து, "வாங்கோ சிஞ்ஞோரா, கண்ணாடியை முறைச்சுப் பாத்தால் கண்ணாடிதான் உடையும்" என்றான். அவன் சொன்னது இத்தாலியனில். நான் அதைத் தமிழில்தானே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

என் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஒரு சின்ன இடுக்கி மாதிரியான சாமானால் கல்லை அளந்தான். மூன்று மில்லிமீற்றர் என்றான். அதே அளவும் அதே நிறமும் தன்னிடம் இல்லை என்றான். அப்போது நான், இதிலிருக்கிற ஒன்றையே கழற்றித் தா என்று கையால் காட்டினேன். அவனுக்கு மனம் வரவில்லை.

"பெக்காத்தோ" என்றான். எங்கள் பாவம் என்ற சொல்லுப் போலவே அதற்கும் இரண்டு கருத்து. செய்கிற பாவமும் அதுதான், ஐயோ பாவமும் அதுதான். அவன் எதை நினைத்துச் சொன்னானோ தெரியாது. கழற்றித் தந்தான்.

பஞ்சில் சுற்றி, கடிதத்துக்குள் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். "கல்லு அனுப்புகிறேன். நல்ல ஆசாரியிடம் கொடுத்துப் பதி. வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தேன்.

பத்து நாளில் தொலைபேசி அடித்தது. ஞாயிறு வழமையான நேரந்தான்.

"அம்மா, ஏன் எனக்குக் கல்லு அனுப்பினனீங்கள்?"

"நீதானே ஸ்டோன் போட்டுது எண்டனீ."

முதலில் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் என்ன ஏது என்று விளங்காமல் கூடச் சிரித்தேன். பிறகு அது அழுகையாய்ப் போனது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

"விசரம்மா. அது கல்லில்லை. நிறை. இஞ்சை ஆக்கள் தங்கடை நிறையை ஸ்டோனிலைதான் சொல்லுவினம். நான் மெலிஞ்சு போனன் எண்டு உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் கட்டிலடியிலை தேடு எண்டியள். பகிடி பண்ணுறியள் எண்டு நினைச்சன். அதுதான் எடுக்கேல்லை."

பிள்ளை உடம்புக்கு ஏலாமல் என்னிடம் சொல்லியிருக்கிறாள், நான் தலையணை உறையை உதறச் சொல்லியிருக்கிறேன்.

"இப்ப எவ்வளவு?"

"எட்டரை இருந்தன். அண்டைக்கு உங்களோடை கதைக்கேக்கை ஏழரை."

"ஏழரை எண்டு சொல்லாதை பிள்ளை, சனியன்ரை கணக்கு."

"இப்ப ஏழரையும் இல்லை. ஏழு."

"அது கனக்கக் குறைவோ?"

"தெரியேல்லை அம்மா. வேலையிலை எல்லாரும் நல்லது எண்டுதான் சொல்லினம். என்ன செய்தனீ, எங்களுக்கும் சொல்லித்தா எண்டு கேக்கினம்."

"ஒரு ஸ்டோன் எண்டால் எவ்வளவு?"

"பதினாலு இறாத்தல்."

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பதினாறு அவுன்ஸ் ஒரு இறாத்தல், நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல் ஒரு அந்தர் என்று பாடமாக்கி, பிழைத்தால் தலையில் குட்டு வாங்கினவள். ஸ்டோன் என்றொன்றை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. அன்று பதினாலு இறாத்தல் என்று கேட்டும் அது எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. "நல்லாச் சாப்பிடு, டொக்டரிட்டை ஒருக்கால் போ" என்றேன். "பாப்பம்" என்றாள். இரண்டு பேரும் வைத்துவிட்டோம்.

மறுநாள் விடிய, சிஞ்ஞோரா வீட்டுக்குப் போக முன்னம், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். ஒன்றரை ஸ்டோன் என்றால் இருபத்தொரு இறாத்தல். ஒரு கிலோ இரண்டு இறாத்தலும் சொச்சமும். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதரைக் கிலோ வந்தது.

கலியாணத்துக்கு முதல், இங்கே பார்மசித் தராசில் ஏறி ஐம்பத்துநாலு கிலோ என்று எனக்கு வாசித்துக் காட்டினவள் அவள்.

தெருமுனையில் மரக்கறி விற்கிறவனிடம் போனேன். மகள் போன நாளிலிருந்து அவனிடம் நான் எதை வாங்கினாலும் அரைக் கிலோதான். ஒருத்திக்கு அதற்குமேல் எதற்கு? அதனால் அவன் எனக்கு "மெட்சோ கிலோ" என்றே பெயர் வைத்திருந்தான், அரைக் கிலோ என்று. என்னைக் கண்டதும் தராசில் அரைக் கிலோ உருளைக்கிழங்கு போடத் தொடங்கினான்.

"ஒன்பதரைக் கிலோ" என்றேன்.

"சிஞ்ஞோரா மெட்சோ கிலோ! கலியாண வீடோ? என்னைக் கூப்பிடேல்லையே!"

நிறுத்துப் பையில் போட்டுத் தந்தான். நான் இரண்டு கையாலும் தூக்கினேன். தோள்மூட்டு இழுத்தது. இடுப்பில் வைத்துப் பார்த்தேன், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. ஒரு வயதுப் பிள்ளையின் பாரம் அது. என் மகளின் உடம்பிலிருந்து ஒரு பிள்ளையளவு பாரம் போயிருக்கிறது, அவளோடு வேலை செய்கிறவர்கள் நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பையை இறக்கி அவனுடைய பெட்டியிலேயே கொட்டிவிட்டு, "அரைக் கிலோ காணும், அதுவே போதும்" என்றேன். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்தத் தெருவுக்கே ஒரு மாதம் போயிருக்க மாட்டேன். அன்று அரைக் கிலோவையும் எடுக்காமல் வீட்டுக்குத் திரும்பி ஓடி வந்து லண்டனுக்கு எடுத்தேன். வேலைக்குப் போக உடுத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இந்த நேரத்திலை, ஆருக்கும் ஏதும்?"

"உனக்குத்தான். ஒன்பதரைக் கிலோ பிள்ளை. இண்டைக்கு வேலைக்குப் போகாதை. டொக்டரிட்டை போ."

"ஒன்பதரையோ?" என்றாள். அவளுக்கும் கிலோவில் கேட்ட பிறகுதான் பயம் பிடித்தது. அவளும் இங்கே நாலு வருடம் கிலோவில் அரிசி வாங்கிச் சமைத்தவள்தானே. "கையும் நடுங்குது அம்மா. படியேறினால் நெஞ்சு பட படவெண்டு அடிக்குது. நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

போனாள். கழுத்திலிருக்கிற தைரொயிட் என்ற சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறதாம். குளிசை போட்டால் மாறும், இன்னும் விட்டிருந்தால் இதயத்துக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னாராம்.

நான் போய்ப் பார்க்க முடியவில்லை. பெர்மேசோ, அதுதான் இங்கே இருக்கிறதற்கான கடதாசி, புதுப்பிக்கக் கொடுத்துக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கிடந்தது. அது கையில் இருந்திருந்தாலும் லண்டனுக்கு வேறு விசா வேண்டும். ஆகவே எனக்கு இருந்தது அவளுடைய நிறை என்ற அந்த எண் ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிறும் கிலோவில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் ஸ்டோனும் மறுபக்கம் கிலோவும் காட்டுகிற தராசு ஒன்று வாங்கினாள். நாற்பத்துநாலரை என்றாள். பிறகு நாற்பத்துநாலு. பிறகு மூன்று ஞாயிறு தொடர்ந்து நாற்பத்தைந்து.

"மூண்டு கிழமையும் ஒரே எண்ணோ? உண்மையா ஏறி நிண்டனியோ?"

"...இல்லை அம்மா. பயமாக் கிடந்தது."

"இப்ப ஏறு. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

தொலைபேசியில் எப்படிப் பிடிப்பது? ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். ஏறினாள். நாற்பத்தாறு.

அந்த மாதங்களில்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. வந்தபிறகு விடவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். லண்டனில் கடைப் பொதிகளில் கிலோ அச்சடித்திருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கிலோதானாம். மகளின் டொக்டரும் கிலோவில்தான் எழுதி வைத்தார். பிறகு வாயில் மட்டும் ஏன் ஸ்டோன்? வெள்ளைக்காரர் தங்கள் பழக்கத்தை விட மனமில்லாமல் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு என்று விடலாம். ஆனால் அவர்களுக்கும் வேறு நாட்டில் ஒரு தாய் இருக்கமாட்டாளா? ஊரிலும் இப்போது கிலோதான். பிரான்சில், ஜெர்மனியில், சுவிசில், நோர்வேயில் இருக்கிற எங்கள் சனம் எல்லாம் கிலோவில்தான் கதைக்கிறது. இங்கிலீசு பேசுகிற நாடுகளும் வீட்டுக்குள்ளே அதைப் பேசினால் என்ன குறைந்துவிடும்? என்னைப் போல படிப்புக் குறைந்தவளுக்கே கிலோ ஒரு பின்னேரத்தில் பிடிபட்டது. நூறு கிராமை இவர்கள் எத்தோ என்கிறார்கள். பத்து எத்தோ ஒரு கிலோ. பாடம் முடிந்தது, குட்டும் இல்லை.

இதை ஒருமுறை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். கோயில் மண்டபத்தில் ஒரு ஞானஸ்நானச் சாப்பாடு. கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர், தன் பிள்ளை பிறக்கும்போது எட்டு இறாத்தல் என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிலோவிலை எவ்வளவு தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"அதை ஆர் அன்ரி பாக்கிறது? அங்கை றோட்டிலை கிலோமீற்றர், வீட்டிலை இறாத்தல்."

"அப்ப வாசல்லை செருப்போடை கிலோவையும் கழட்டி வைச்சிட்டோ உள்ளுக்குப் போறனீங்கள்?"

மேசை முழுக்கச் சிரித்தது. "இறாத்தல் எங்கடை அளவெல்லோ அன்ரி" என்றார் அவர். "எங்கடையோ? அதுவும் வெள்ளைக்காரன் கப்பலிலை கொண்டந்ததுதான்" என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முகம் சுட்டது. பாயசம் வர முன்னமே எழும்பி வந்துவிட்டேன். ஆனால் சொன்னது சரிதான். இன்றும் அதைத்தான் சொல்லுவேன். தூரத்தில் இருக்கிறவருக்கு உங்கள் பிள்ளையின் நிறையை, காய்ச்சலை, உயரத்தைச் சொல்லும்போது, கேட்கிறவர் கையில் பிடிக்கக்கூடிய அளவில் சொல்லுங்கள்.

நாற்பத்தெட்டு. ஐம்பது. ஐம்பத்தொன்றரை. தராசில் ஏறி இறங்குகிற நேரம் போக, சமைத்தது என்ன, குளிசை போட்டபின் நித்திரை வந்ததா, மருமகன் இரவு வேலைக்குப் போனபின் தனிய இருக்கப் பயமா என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு போன்காட் முடிந்து இன்னொன்று போடுவாள். நாலு வருடம் ஒரே அறையில் இருந்தபோதுகூட நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை.

ஐம்பத்துமூன்று என்று சொன்ன ஞாயிறு, குரலே வேறாக இருந்தது.

"அம்மா, இனி நிறுக்கேல்லை. டொக்டர் காணும் எண்டிட்டார். இனி நீங்கள் கேக்காதேங்கோ, என்ன?"

"ஓம்" என்றேன்.

"வெளியிலை போக நிக்கிறம். இவர் கீழை காரிலை. வைக்கட்டோ?"

"வை பிள்ளை. கவனமாப் போயிட்டு வா."

வைத்துவிட்டாள். நாலேகால் மணிதான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்தாள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை. சுகமாக இருக்கிறவளுக்கு அம்மாவிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஐந்து மணிவரை கதிரையில் இருந்துவிட்டு எழும்பி விளக்கைப் போடுவேன். எத்தனை கிலோ என்று நான் பிறகு கேட்கவில்லை.