முன்னூற்றெண்பது மீற்றர்

ஹம்பேர்க்கில் வீடு தேடுகிறவர்கள் பல்கனி இருக்கிறதா, ரயில் நிலையம் கிட்டவா என்று கேட்பார்கள். நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: அந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மீற்றர்? மகளுக்கு அடுத்த வருடம் முதலாம் வகுப்பு. நல்ல பெயரெடுத்த பள்ளிக்கூடம் என்பதால் இடத்துக்கு அடிபிடி; கிட்ட இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். எங்கள் தெருப் பள்ளிக்கூடம் ஏன் வேண்டாம் என்று யாராவது கேட்டால், "அங்கை வெளிநாட்டுப் பிள்ளையள் கூட" என்று கணவர் முகத்தைச் சுளிப்பார். தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வராது. எனக்கும்தான்.

கடைசியில் வீடு அகப்பட்டது. நானூறு மீற்றர். கணவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் நடந்து பார்த்தார். மூன்றாம் தரம் ஒரு பூங்காவுக்குள்ளால் குறுக்கே போய் இருபது மீற்றரைக் குறைத்துவிட்டு, பரீட்சையில் பாஸான பெடியன் மாதிரித் திரும்பி வந்தார்.

ஒரே சிக்கல், கீழ்வீட்டு அக்கா. அவருடைய மகனுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, ஒரே பாலர் பாடசாலை. நான் மருத்துவமனைச் சமையலறையில் பிந்தி வேலை முடிக்கும் நாட்களில் மகள் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவாள். ஆனால் விஷயம் தெரிந்தால் அக்காவும் அங்கே வீடு பார்ப்பார். அவருக்கு இருநூறு மீற்றரில் ஒன்று கிடைத்துவிட்டால் என் பிள்ளையின் இடம் அம்போ! ஆகவே வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"சுவரெல்லாம் பூஞ்சணம் அக்கா. பிள்ளைக்கு இருமல். இனி இஞ்சை இருக்க ஏலாது."

"ஐயோ, ஓமோ?" என்றார். வந்து பெட்டி கட்ட உதவினார், இரண்டு நாள். எல்லாச் சுவரையும் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு சுவரிலும் பூஞ்சணம் இல்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

வசந்த காலத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. சமையலறையில் ஆடியே விட்டேன். கோடையில் அக்கா தொலைபேசியில் சொன்னார்: "நாங்களும் வீடு மாறுறம். எனக்கு முழங்கால் ஏலாது, படி ஏறாத இடமாப் பாத்திருக்கிறம்."

"பாவம் அக்கா" என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. நான் கேட்டால் அவரும் கேட்பாரே.

பள்ளிக்கூடத்தின் முதல் நாள். இந்த நாட்டு வழக்கப்படி இனிப்பு நிரப்பிய பெரிய காகிதக் கூம்பைக் கட்டிப்பிடித்தபடி நின்ற மகள், திடீரென்று என் கையை உதறிவிட்டு ஓடினாள். அங்கே அதே அளவு கூம்போடு அக்காவின் மகன். அவனுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் அக்கா.

"என்ன, பிள்ளைக்கு இருமல் சுகமோ?"

நான் மகளை முறைத்தேன். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அம்மா" என்றாள். "இவனுக்கு மட்டும்தான். வீடு மாற முதலே."

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "அப்ப, எல்லாம் தெரிஞ்சுகொண்டோ பெட்டி கட்ட வந்தனீங்கள்?"

"ஓம். உன்ர பிள்ளைக்குக் கடிதம் வந்தது எண்டு பாலர் பாடசாலையிலை கேட்டு இவன் வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் வீடு தேடினது. அதுக்கு முதல் தேடினா உனக்கு நித்திரை வந்திருக்காது. ஏதோ, கடைசியா ஒரு இடம் மிச்சம் இருந்திச்சு."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. என் பிள்ளைக்குச் சோறு போட்டவரிடமிருந்து முன்னூற்றெண்பது மீற்றரை ஒளித்து வைத்திருக்கிறேன். அக்கா அதைக் கவனிக்காதவர் மாதிரி, தேத்தண்ணி குடிக்க வா என்று கூட்டிக்கொண்டு போனார்.

அக்காவின் புது வீடு மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. நான் இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றேன். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாக எனக்கு முன்னால் ஏறினார்.

"அக்கா, முழங்கால்?"

"அதுவும் உன்ர பூஞ்சணத்தோட போச்சு" என்றார், திரும்பிப் பார்க்காமலே.